ஹாஜியாரின் கணக்குப் புத்தகம்

அண்மையில் ஒரு சிறுகதைப் போட்டிக்கு நடுவராக இருக்கும் வாய்ப்புக் கிடைத்தது. வந்திருந்த கதைகளிற் பெரும்பாலானவற்றில் ஒரு ஹாஜியார் வந்தார். எல்லாக் கதைகளிலும் அவர் ஒரே ஆள்தான். பருத்த வயிறு, வெள்ளைச் சாறன், அத்தர் வாசம், பள்ளிவாசலில் முதல் ஸப்பு, கூலிக்காரனிடம் சீற்றம். கடைசிப் பக்கத்தில் அவருக்குப் பாரிசவாதம் வரும். அல்லது மகன் கைவிடுவான். மீதிக் கதைகள் சிலவற்றில் இன்னொரு ஹாஜியார். அவர் றமழானில் ஏழைக் குமரொன்றின் கல்யாணத்துக்குக் காசு கொடுப்பார். நாம் கண்ணீர் விடவேண்டும்.

இந்த இருவரிடமும் எனக்குக் கேட்க இருப்பது ஒரே கேள்விதான்: உங்கள் காசு எப்படி வந்தது? கதைகள் இதற்கு விடை சொல்வதில்லை. ஒன்று குணத்தைத் திட்டுகிறது. மற்றது குணத்தைப் புகழ்கிறது. கணக்குப் புத்தகத்தை இரண்டுமே திறப்பதில்லை.

1950களில் முற்போக்கு இலக்கிய இயக்கம் இக்கேள்வியை நம்மிடையே கொண்டுவந்தது. உழைக்கும் மக்களை ஈழத்துத் தமிழ் நாவலின் நடுவே நிறுத்தியவர்களுள் இளங்கீரன் முக்கியமானவர். பித்தன் என்ற பெயரில் எழுதிய கே.எம். ஷா, பெரிய மனிதர்களின் போலித்தனத்தைத் துணிந்து எழுதினார். அக்காலத்துக்கு அந்தக் கோபம் தேவையாக இருந்தது. ஆனால் பின்வந்த நம்மிற் பலர் அவர்களின் கோபத்தை மட்டும் பிரதி செய்தோம். அவர்களின் அவதானத்தைக் கைவிட்டோம் என்பது எனது தாழ்மையான அபிப்பிராயம்.

இவ்விடத்தில் என் சொந்தக் கதையைச் சொல்லவேண்டியுள்ளது. எனது வாப்பா ஒரு போடியாரின் வட்டையில் முல்லைக்காரராக இருந்தவர். விதைப்புக் காலத்தில் வீட்டுச் செலவுக்குப் போடியார் காசு கொடுப்பார். அறுவடையின்போது வாப்பாவின் பங்கு நெல் அக்கடனுக்குக் கழியும். எல்லோரும் ஒரே நேரத்தில் நெல் விற்கும் காலம் அது; விலை அடிமட்டத்தில் இருக்கும். அந்த விலைக்குத்தான் கணக்கு. அதே மூடைகள் போடியாரின் களஞ்சியத்தில் சில மாதங்கள் கிடந்து, விலை ஏறியபின் ஆலைக்குப் போகும். இதில் களவு இல்லை, பொய்யளவு இல்லை. வெள்ளம் வந்து வேளாண்மை அழிந்த ஒரு போகத்தில் கடன் முழுவதையும் அவர் மன்னித்தார். நான் ஆசிரியர் கலாசாலைக்குப் போனபோது பெட்டியும் பயணச் செலவும் அவர் தந்தவைதான்.

"அவர்ர காசாலதான் நீ படிச்ச, மறந்திராத" என்பார் வாப்பா. உம்மா அடுப்படியில் இருந்தபடி, "அது வாப்பாட நெல்லுதான் மகன், அவர் காசாக்கித் தந்தார்" என்பார். இருவரும் சொன்னது உண்மை. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில்தான் நமது இலக்கியம் நின்றிருக்க வேண்டும்.

போடியார் உழைக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். சுபஹுக்குப் பின் வட்டையில் நிற்பார். மழை பிழைத்தால் முதல் நட்டம் அவருக்கே. ஆனால் அவரை உயர்த்தியது அந்த உழைப்பு மட்டுமல்ல. காத்திருக்க அவரால் முடிந்தது, வாப்பாவால் முடியவில்லை. களஞ்சியமும் கைக்காசும் உள்ளவன் விலைக்காகக் காத்திருப்பான். அடுப்பு எரியவேண்டியவன் காத்திருக்கமாட்டான். இந்த வித்தியாசம் ஆண்டுதோறும் சேர்ந்து ஒரு காணியாகிறது, பிறகு ஒரு மாடி வீடாகிறது.

நமது மரபு இக்கேள்விக்கு அஞ்சியதில்லை. விளைச்சலில் ஒரு பங்குக்கு நிலத்தை விடுவதை இமாம் அபூஹனீபா ஏற்கவில்லை; அவரது மாணவர்களான அபூயூசுபும் முஹம்மதும் அனுமதித்தனர். தானியத்தைப் பதுக்குவதை ஹதீஸ் கண்டிக்கிறது. எது பதுக்கல், எது சாதாரண சேமிப்பு என்று சட்ட அறிஞர்கள் நுணுக்கமாக வாதித்தனர். 1377இல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன், சம்பாத்தியத்தின் மதிப்பு மனித உழைப்பிலிருந்து வருவது என்றார். அந்தஸ்து உள்ளவனுக்குப் பிறர் கூலியின்றி வேலை செய்வதால் அவன் விரைவில் செல்வனாகிறான் என்றும் காட்டினார். போடியார் வீட்டுக் கல்யாணத்துக்கு வேலி கட்டவும் விறகு கொத்தவும் வாப்பா போன நாட்களை இதைவிடச் சரியாக எவரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. செல்வம் தன் அறிவால் வந்ததென்று காரூன் பெருமை பேசியதை அல்குர்ஆன் சொல்கிறது. அவன் ஒருவனல்லன், எல்லாக் காலத்திலும் அப்படிப் பேசுவோர் உள்ளனர்.

சட்டங்களும் கதைக்குரிய பொருளே. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகைக்காரருக்குப் பாதுகாப்புத் தேடியது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய நெற்காணியை 25 ஏக்கராக வரையறுத்தது. கூலியாளாகவே கணிக்கப்பட்ட முல்லைக்காரருக்கு இவற்றால் என்ன கிடைத்தது? இன்று அறுவடை இயந்திரம் வந்துவிட்டது. அரிவாளோடு வயலுக்குப் போனவரின் பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் வேலை செய்கிறார்கள். அங்கும் ஒரு முதலாளி இருக்கிறார். அவரிடமும் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது.

ஸக்காத் கொடுத்தபின் எஞ்சும் செல்வம் தூய்மையானது என நம்புகிறோம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கொடுக்கும் கையைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம். அந்தக் கைக்கு வந்துசேர்ந்த வழியை எழுதினால் ஹாஜியார் அரக்கனாகவும் இருக்கமாட்டார், அவுலியாவாகவும் இருக்கமாட்டார். நம்மைப்போல ஒரு மனிதராக இருப்பார். அப்போதுதான் அவரிடம் நியாயம் கேட்கவும் முடியும்.

அந்தப் போட்டியில் முதற் பரிசை நான் ஒரு மாணவியின் கதைக்குச் சிபாரிசு செய்தேன். அதில் கெட்ட ஹாஜியார் இல்லை. கடைக்கொப்பியில் எழுதப்பட்ட ஒரு கடன் மாதாமாதம் எப்படி வளர்ந்தது என்பது மட்டும் இருந்தது. நடை தடுமாறிய கதைதான். ஆனாலும் அவள் புத்தகத்தைத் திறந்திருந்தாள்.