ஏட்டில் பிறந்த நூல்

கிழமைதோறும் ஏடுகளில் அரசியல் எழுதுவோரைப் பார்த்து, "இன்று அச்சேறி நாளை பொட்டலம் கட்டப் போகும் தாளுக்கா இத்துணை உழைப்பு?" என்று எள்ளி நகைப்போர் உளர். நூல் என்பது ஆரவாரமற்ற தனியறையில், ஆண்டுக்கணக்கில் எண்ணி எண்ணி எழுதப்படுவது என்பது அவர்தம் கருத்து. ஆட்சி அதிகாரத்தை ஆராயும் நூல்களில் தலையாய ஒன்று, அந்தக் கருத்தைப் பொய்யாக்கி நிற்கிறது. அமெரிக்க நாட்டில் எழுந்த 'ஃபெடரலிஸ்ட்' என்னும் தொகுப்பே அது.

1787 செப்டம்பர் 17 அன்று, பிலடெல்பியா நகரில் கூடிய மாநாட்டினர் புதியதோர் அரசியல் சட்டத்தில் கையொப்பமிட்டனர். 13 மாநிலங்களில் 9 ஏற்றால்தான் அது நடைமுறைக்கு வரும். நியூயார்க் மாநிலத்திலோ எதிர்ப்பு வலுத்திருந்தது. அக்டோபர் 18 அன்று அங்குள்ள ஏடொன்றில், 'புரூட்டஸ்' என்னும் புனைபெயரில் ஒருவர் வினாக் கணைகளைத் தொடுத்தார். இத்துணைப் பரந்த நிலப்பரப்பை ஒரே குடியரசு ஆள இயலுமா? மைய அரசு மாநிலங்களை விழுங்கிவிடாதா? என்று கேட்டார் அவர். ஒன்பதே நாட்கள் கழித்து, அக்டோபர் 27 அன்று, சட்டத்தை ஆதரித்துக் களம் புகுந்தார் 'பப்ளியஸ்'. அந்த ஒரு பெயருக்குள் மூவர் இருந்தனர்: அலெக்சாண்டர் ஹாமில்டன், ஜேம்ஸ் மேடிசன், ஜான் ஜே. கட்டுரைகள் மொத்தம் 85. ஹாமில்டன் தீட்டியவை 51, மேடிசன் 29, ஜே 5 என்று ஆய்வாளர் கணக்கிடுவர்.

விரைந்து எழுதியதன் வடுக்கள் நூலில் இல்லையா? உண்டு. கூறியது கூறல் உண்டு. ஒரே அச்சத்தைப் பல கட்டுரைகளில் கிளறுவதும் உண்டு. எனினும், எதிரே ஒருவர் நின்று கேட்டுக்கொண்டே இருந்ததால், பொத்தாம்பொதுவாகப் பேசி நழுவ வழியில்லாமற் போயிற்று. அதுவே இந்த நூலுக்கு உரம்.

பரந்த நாட்டில் குடியரசு நிலைக்காது என்பது எதிரணியின் வாதம். நவம்பர் 22 அன்று வந்த பத்தாம் கட்டுரையில், மேடிசன் அந்த வாதத்தையே தலைகீழாகத் திருப்பினார். நாடு பரந்திருந்தால் நலன்கள் பலவாகும், குழுக்கள் பலவாகும், ஒரு குழு பெரும்பான்மை பெற்று மற்றவரை மிதிப்பது அரிதாகும் என்றார். குறையென்று காட்டப்பட்டதையே காப்பு என்று நிறுவிய திறம் வியக்கத்தக்கது. வினா எழாதிருந்தால் இந்த விடை பிறந்திருக்குமா?

நீதிமன்றம் பற்றிய பகுதியும் அவ்வாறே. திருத்துவார் எவருமற்ற நீதிபதிகள் சட்டமன்றத்துக்கும் மேலானவராகிவிடுவர் என்று 1788 தொடக்கத்தில் எச்சரித்தார் புரூட்டஸ். அதற்கு 78ஆம் கட்டுரையில் விடையிறுத்தார் ஹாமில்டன். படையும் கருவூலமும் கையில் இல்லாத நீதித்துறையே மூன்றனுள் வலிமை குன்றியது என்பது அவர் வாதம். இக்கட்டுரை ஏட்டில் வருமுன்பே, 1788 மே 28 அன்று வெளியான தொகுப்பின் இரண்டாம் பகுதியில் இடம் பெற்றது. ஏட்டில் மூண்ட போர் நூலுக்குள்ளும் தொடர்ந்தது.

எல்லா விடைகளும் வென்றனவா? இல்லை. குடிமக்களின் உரிமைகளைப் பட்டியலிடுவது தேவையற்றது, தீங்கும் தரலாம் என்று 84ஆம் கட்டுரையில் வாதாடினார் ஹாமில்டன். மக்கள் அதனை ஏற்கவில்லை. 1791இல் உரிமைகளைக் காக்கும் பத்துத் திருத்தங்கள் சட்டத்தில் இணைந்தன. பப்ளியஸ் தோற்ற இடத்தில் நாடு பயன் பெற்றது!

இனி, இந்த நூலின் பெருங்கறையைப் பார்ப்போம். பேரவைக்கு உறுப்பினர் தொகையை வகுக்கும்போது, ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிட்டது சட்டம். வாக்குரிமை அடிமைக்கு இல்லை. அவனைக் கணக்கில் காட்டிக் கிடைத்த வலிமையோ ஆண்டைக்கு! இதற்கு 54ஆம் கட்டுரையில் நியாயம் கற்பிக்க முற்பட்ட மேடிசன், அந்த வாதத்தின் பெரும்பகுதியைத் தம் வாயாற் சொல்லவில்லை. அமெரிக்கத் தென் மாநிலத்தார் ஒருவர் இவ்வாறு பேசக்கூடும் என்று கற்பனைப் பேச்சாளர் ஒருவரை நிறுத்தி, அவர் வாயில் வைத்தார். அவரும் அடிமைகளை உடைமையாகக் கொண்டவரே. பத்தாம் கட்டுரையில் நிமிர்ந்து நடந்த எழுதுகோல், இங்கே முக்காடிட்டு நடக்கிறது. எதிரணியினர் சிலர் இக்கணக்கைக் கண்டித்தது உண்மை. ஆனால், எண்ணப்பட்ட அந்த மனிதர்கள் எழுந்து நின்று வினவ ஏடு ஏது? உரிமை ஏது? வினவ வேண்டியவரின் வாய் கட்டப்பட்டிருந்த இடத்தில், அறிவாற்றல் மிக்க எழுத்தும் அறம் தவறியது.

நூல் வென்றது என்கிறோம். எப்போது வென்றது? முதற் பதிப்பு 500 படிகள். அவற்றுள் சில நூறு விலை போகாமல் தேங்கின. 1788 சூலை 26 அன்று நியூயார்க் 30க்கு 27 என்னும் வாக்கில் சட்டத்தை ஏற்றபோது, வேறு பத்து மாநிலங்கள் முன்னரே ஏற்றிருந்தன. ஆகவே, சட்டத்தை நிலைநாட்டியது இந்த நூல் ஒன்றே என்பது மிகை. சட்டத்துக்குப் பொருள் காண வந்த நீதிமன்றங்கள் தலைமுறை தலைமுறையாக மேற்கோள் காட்டியதால் வளர்ந்தது இதன் பெருமை.

அந்தப் பெருமையில் ஓர் இழப்பும் உண்டு. விடை நூலாயிற்று, வினா பழைய ஏட்டோடு கிடந்தது. எதிரணியின் எழுத்துகளை எர்பர்ட் சுடோரிங் என்னும் அறிஞர் திரட்டிய ஏழு பகுதித் தொகுப்பு 1981இல்தான் வெளிவந்தது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள், வழக்கில் ஒரு தரப்பு வழக்கறிஞரின் உரையையே தீர்ப்பெனப் பலரும் படித்தனர்.

ஆதலின், இந்த நூலைக் கற்க விழைவோர் முதலில் புரூட்டசைப் படிக்கட்டும். பிறகு பப்ளியசை நாடட்டும். 54ஆம் கட்டுரையைத் தாண்டிச் செல்லாமல் நின்று படிக்கட்டும். கிழமை ஏட்டில் எழுதும் இளைஞர்க்கும் ஒன்று சொல்வேன். உங்கள் கட்டுரைகள் நாளை நூலாகத் தொகுக்கப்படுமானால், அவற்றுக்கு வந்த வலுவான மறுப்பையும் உடன் சேர்த்து அச்சிடுங்கள். வினாவும் விடையும் ஒருங்கே இருந்தால்தான், பின்னே வருவோர் இரண்டையும் எடைபோட்டுத் தாமே முடிவு காண இயலும்.