மூன்று பெண்களும் ஒரு மருத்துவச்சியும்

வேலூர்ப் பக்கம் பள்ளியில் படித்தவர்களுக்கு ஐடா ஸ்கடரின் கதை தெரியாமல் இருக்காது. ஜோலார்பேட்டையில் நானும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள் வந்து, பிரசவ வேதனையில் கிடக்கும் மனைவியருக்கு உதவ ஐடாவை அழைக்கிறார்கள். அவர் அப்போது மருத்துவர் அல்லர். மருத்துவரான அப்பா வரத் தயார். ஆண் வேண்டாமென்று கணவர்கள் திரும்பிவிடுகிறார்கள். மூன்று பெண்களும் இறந்துபோகிறார்கள். அந்த இரவிலிருந்தே வேலூர் மருத்துவமனையும், 1918இல் தொடங்கிய பெண்கள் மருத்துவப் பள்ளியும் பிறந்தன என்று கதை முடியும்.

விளைவை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கதை சொல்லும் விதத்தோடு எனக்குச் சண்டை உண்டு. பிராமணர், முஸ்லிம் என்று கணவர்களின் அடையாளம் சொல்லப்படுகிறது. நான் கேட்ட வடிவங்களில் பெண்களுக்குப் பெயரில்லை. ஆண் மருத்துவர் வரலாமா என்று அவர்களை யாரும் கேட்டதாகவும் இல்லை. மருத்துவச்சி வந்தாலும் அழுக்குக் கையாகத்தான் வருவாள்.

அந்தக் கையை அழுக்காக்கியது சாதி. பல ஊர்களில் நாவிதர், தலித் குடும்பப் பெண்களே மருத்துவச்சிகள். பிரசவம் தீட்டு என்பதாலேயே அந்த வேலை அவர்கள் தலையில் விழுந்தது. பிள்ளையை ஏந்திய கை அந்த வீட்டுத் தண்ணீர்ப் பானையைத் தொடக்கூடாது. ஆகவே, மருத்துவச்சியைப் பாரம்பரிய அறிவென்று இன்று கொண்டாடுபவர்களோடும் என்னால் சேர முடியவில்லை. அறிவு இருந்தது. ரத்தப்போக்கு நிற்காதபோது கொடுக்க அவளிடம் மருந்து இல்லை.

செசிலியா வான் ஹாலனின் ‘பர்த் ஆன் த த்ரெஷோல்ட்’ (2003) எனக்குப் பிடித்தது இதனால்தான். தமிழ்நாட்டு ஏழைப் பெண்களின் பிரசவத்தைப் பற்றிய அந்நூலில் வரும் பெண்கள் மருத்துவமனையை வெறுப்பவர்கள் அல்லர். வலியைக் கூட்டும் ஊசியைப் பலர் விரும்பியே கேட்கிறார்கள். அவர்களுடைய புகார் வேறு: ஏச்சு, லஞ்சம், கேட்காமலே பொருத்திய காப்பர்-டி.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில், 44.9 சதவீதம் சிசேரியன். உதவியவர் திறன்பெற்றவரா என்று அட்டவணை கேட்கிறது. கூடவே இருந்தாரா என்று கேட்பதில்லை. 2004இல் அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் உறவுக்காரப் பெண் ஒருவர் துணையிருக்க அனுமதி வந்தது. நல்ல ஏற்பாடுதான். மருத்துவச்சிக்கு நெல்லும் பழஞ்சேலையுமாவது கூலியாகக் கிடைத்தது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் அம்மா, மகளின் கையைப் பிடித்து நிற்கும் நாளுக்கு, அவளுடைய சம்பளம்தான் பிடிபடுகிறது.