‘இ’ – இலை: முதல் வகுப்பில் கற்பிக்கப்படுவது எது?

தமிழ்வழிப் பள்ளியின் முதல் வகுப்பில் சேரும் குழந்தை எழுதப் படிக்கக் கற்கிறது என்று பொதுவாகச் சொல்லி வருகிறோம். இக்கூற்றில் இரு வேறு செயல்கள் ஒன்றாக்கப்பட்டுள்ளன. முன்பே அறிந்த மொழிக்கு உரிய வரிவடிவத்தைக் கற்பது ஒன்று. வீட்டில் எவரும் பேசாத ஒரு மொழிவழக்கைக் கற்பது மற்றொன்று. முதலாவதைக் கற்பிப்பதாக எண்ணிக்கொண்டு இரண்டாவதையும், சொல்லாமலேயே, வகுப்பறை கற்பிக்கிறது. குழந்தை எங்கே இடறுகிறது என்பது இவ்விரண்டையும் பிரித்து நோக்கினாலன்றி விளங்காது. இச்சிக்கலை இக்கட்டுரை அரிச்சுவடி அட்டை என்னும் மிகச் சிறிய நூலை முன்வைத்து ஆராய்கிறது. அதனை நூல் என்று குறிப்பிடுவது வேண்டுமென்றேதான். தமிழர் பலரும் வாழ்நாளில் முதன்முதலாகப் படிப்பது அதுவே. திறனாய்வாளர் கண்ணில் படாமல் தப்பி வந்திருப்பதும் அதுவே.

கடைகளில் விற்கும் அட்டைகளும் வகுப்பறைச் சுவர்ப்படங்களும் சிற்சில வேறுபாடுகளுடன் ஏறத்தாழ ஒரே வரிசையைத் தருகின்றன: அம்மா, ஆடு, இலை, ஈ, உரல், ஊஞ்சல், எலி, ஏணி, ஐவர், ஒட்டகம், ஓடம், ஔவையார், எஃகு. இதன் கடைசிப் பகுதி குறையுடையது என்பதைப் பலரும் அறிவர். எஃகுக்கு வரைந்த படத்தைக் கண்டு குழந்தை ‘இரும்பு’ என்றோ ‘கம்பி’ என்றோதான் சொல்லும். ஔவையாரைப் ‘பாட்டி’ என்னும். ஐவரை ‘அஞ்சு பேரு’ என்னும். ஆய்தத்துக்கும் ஔகாரத்துக்கும் எளிய சொல் கிடைப்பது அரிது என்பதால் இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுத்துக்கொள்ள முடியாதது வரிசையின் முற்பகுதியிலேயே, எவரும் ஐயுறாத இடத்தில் இருக்கிறது.

இ என்னும் எழுத்தருகே இலையின் படம். இதைக் காட்டி ‘இது என்ன?’ என்று கேட்டால் தமிழ்நாட்டின் பெரும்பாலான வட்டார வழக்குகளைப் பேசும் குழந்தை ‘எல’ என்று விடை சொல்லும். உ என்னும் எழுத்தருகே உரல். குழந்தைக்கு அப்பொருளைத் தெரிந்திருந்தால் (அரைவைப் பொறி வந்தபின் அதுவும் உறுதியில்லை) ‘ஒரலு’ என்று சொல்லும். ஆக, படத்தின் துணையால் எழுத்தின் ஒலியை உணர்த்துவதே அட்டையின் நோக்கமாயின், அது இ-க்கு எகரத்தையும் உ-க்கு ஒகரத்தையும் உணர்த்துகிறது. அதே அட்டையில் எ-க்கு எலியும் ஒ-க்கு ஒட்டகமும் இருக்கின்றன. குழந்தையின் காதுக்கு இலையும் எலியும் ஒரே உயிரில் தொடங்கும் சொற்கள். கண்ணுக்கு அவை வெவ்வேறு எழுத்துகள். எழுத்தும் ஒலியும் தம்முள் தொடர்புடையன என்னும் அடிப்படை உண்மையைக் கண்டுகொள்ள வேண்டிய வேளையில், அத்தொடர்பு நம்பத்தக்கதன்று என்னும் பாடத்தை அட்டை கற்பித்துவிடுகிறது.

இம்மாற்றம் ஒழுங்கற்ற கொச்சையன்று. சொல்லின் முதலசையில் வரும் குற்றுயிர் இகர உகரங்கள், இடையே ஒற்றை மெய் வந்து அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வரும்போது, எகர ஒகரங்களாகத் தாழ்கின்றன. இடம் ‘எடம்’ ஆகிறது. விலை ‘வெல’ ஆகிறது. நிலம், விரல், குடம், முகம், புகை ஆகியவை முறையே ‘நெலம், வெரலு, கொடம், மொகம், பொக’ ஆகின்றன. இடையில் இரட்டித்த மெய்யோ மெய்ம்மயக்கமோ வந்தால் மாற்றம் நிகழ்வதில்லை. குப்பை ‘குப்ப’ என்றே நிற்கிறது, சிங்கத்தின் இகரத்துக்கும் ஊறு நேர்வதில்லை. இவ்விதியை எவரும் கற்பிக்காமலேயே ஐந்து வயதுக் குழந்தை பிழையின்றிக் கையாள்கிறது. தென் திராவிட மொழிகளில் காணப்படும் இ/எ, உ/ஒ மாற்றத்தைப் பரோ 1940இலும் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1958இலும் விரிவாக ஆராய்ந்தனர். கன்னடத்தில் இலைக்கு ‘எலெ’ என்பதும் குடைக்கு ‘கொடெ’ என்பதும் எழுத்து வழக்கிலேயே ஏற்புடைய வடிவங்கள். கன்னட ஆசிரியர் இலையின் படத்தை எகரத்துக்கு உரியதாகத் தயக்கமின்றிக் காட்டலாம். எல்லையைக் கடந்தால் சரியான விடையாகிவிடும் ஒன்றை நம் வகுப்பறை ‘தப்பு, இலைன்னு சொல்லு’ என்று திருத்துகிறது. திருத்தும் ஆசிரியரே அத்தொடரைப் பேச்சு வழக்கில்தான் சொல்கிறார் என்பது குறிக்கத்தக்கது.

இக்குறையை நீக்கப் பெருந்திட்டம் எதுவும் தேவையில்லை. இலைக்குப் பதில் இஞ்சி அல்லது இட்டலி, உரலுக்குப் பதில் உப்பு அல்லது உளுந்து. இச்சொற்களின் முதலுயிர் இரு வழக்குகளிலும் ஒன்றே. இலையை விலக்க வேண்டும் என்பது கருத்தன்று. அது சில மாதங்கள் கழித்து, ‘நாம் எல என்று சொல்கிறோம், இலை என்று எழுதுகிறோம், எடம் என்று சொல்கிறோம், இடம் என்று எழுதுகிறோம்’ என்று இரு வழக்குகளின் உறவை வெளிப்படையாகக் காட்டும் பாடத்தில் வரவேண்டும். அங்கே அது நல்ல எடுத்துக்காட்டு. முதல் நாளில் அது பொறி.

அட்டையைக் கடந்து சொற்களுக்கும் தொடர்களுக்கும் வரும்போது வேறுபாடு பெருகுகிறது. ‘பால், கண், நாய்’ என்பவற்றைக் குழந்தை ‘பாலு, கண்ணு, நாயி’ என உயிரீறாகவே அறியும். ‘மரம், அவன்’ முதலியவற்றின் இறுதி மெல்லொற்று பேச்சில் தனி மெய்யாக ஒலிக்காது. அதன் முன்னுள்ள உயிர் மூக்கொலியாகிவிடும். ஆகவே மகர ஒற்றைத் தனியே பிரித்துக் கேட்டறியும்படி சொல்வது, கேளாத ஒன்றைக் கேட்கச் சொல்வதாகும். இவையெல்லாம் விதிக்கு உட்பட்ட ஒலி வேறுபாடுகள். உருபனியல் வேறுபாடுகள் இவற்றினும் கடினமானவை. ‘இருக்கிறது’ என்பதற்கு ‘இருக்கு’, ‘வந்துவிட்டார்கள்’ என்பதற்கு ‘வந்துட்டாங்க’, ‘மரத்தில்’ என்பதற்கு ‘மரத்துல’ என வழங்கும் வடிவங்களுள் சிலவற்றை எழுத்துக்கூட்டி அணுக முடியாது. தனித்தனியே கற்றாக வேண்டும்.

மாறாக, ககரம் ஒன்றே பல ஒலிகளைக் குறிப்பது தமிழ் எழுத்தின் பெருங்குறை என்று அவ்வப்போது எழும் முறையீடு, தாய்மொழிக் குழந்தையைப் பொறுத்தவரை பொருளற்றது. காக்கை, தங்கம், முகம் ஆகியவற்றில் ககரம் எவ்வாறு ஒலிக்கும் என்பதைக் குழந்தையின் ஒலியனியல் முன்பே தீர்மானித்துவிட்டது. அது அயலார்க்குரிய இடர். கடன்சொற்களில் மட்டுமே குழந்தைக்கும் இடராகும்.

சார்லஸ் ஃபெர்குசன் இரட்டை வழக்கு என்னும் கருத்தை 1959இல் வகுத்துரைத்தார். மு. சண்முகம் பிள்ளை தமிழின் எழுத்து வழக்கையும் பேச்சு வழக்கையும் பற்றி 1960இல் எழுதினார். ஃபிரான்சிஸ் பிரிட்டோ 1986இல் தமிழுக்கென்றே அக்கோட்பாட்டை விரித்து ஒரு நூல் தந்தார். தமிழ் மொழியியலர் இத்துறையில் பின்தங்கியவர் அல்லர். ஆயினும் இவ்வறிவு பல்கலைக்கழக வாயிலைத் தாண்டித் தொடக்கப்பள்ளிக்குச் சென்றதாகத் தெரியவில்லை. அரபு மொழியில் இத்தொடர்பு நேரடியாகச் சோதிக்கப்பட்டது. எலினோர் சயெக்-ஹத்தாத் 2003இல் வெளியிட்ட ஆய்வு, தம் வட்டார வழக்கில் இல்லாத, எழுத்து வழக்குக்கே உரிய ஒலியன்களைப் பிரித்தறிவதில் இளங்குழந்தைகள் கூடுதலாக இடர்ப்படுகின்றனர் எனக் காட்டியது. சோனாலி நாக் கன்னட வகுப்பறைகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரை, அசையெழுத்து முறையில் எழுத்தறிவு நிறைவெய்த ஆங்கில நெடுங்கணக்கைக் காட்டிலும் நெடுங்காலம் ஆகும் என்பதை நிறுவியது. தமிழ்க் குழந்தையின்மீது இவ்விரு சுமைகளும் ஒருங்கே ஏற்றப்படுகின்றன. ஒரு பக்கம் 247 கட்டங்கள் கொண்ட அட்டவணை. அதில் ஙகர வரிசை போன்றவற்றில் பெரும்பாலான கட்டங்களுக்குச் சொல்லே இல்லை. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை முதலிய 13 வடிவங்களை ஒழுங்குபடுத்தியது; மெய்தோறும் உருமாறும் உகர ஊகார வரிசைகளைத் தொடவில்லை. மறுபக்கம், அவ்வெழுத்துகளால் எழுதப்பட்டிருப்பது வேறொரு வழக்கு.

கற்பிக்கும் முறையில் தமிழ்நாடு முயற்சி செய்யாமல் இல்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுதும் பரவிய செயல்வழிக் கற்றல் முறை, ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் முன்னேற ஏணிப்படிகளையும் அட்டைகளையும் அமைத்தது. 2022 ஜூனில் தொடங்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைப்படுத்திப் பாடம் வகுத்தது. இரண்டும் மதிக்கத்தக்க முயற்சிகளே. ஆனால் இரண்டும் மாற்ற முனைந்தவை கற்றலின் வேகம், வரிசை, செயல்பாடு ஆகியவற்றை. கற்கப்படும் பொருள் ஒரு மொழியா, ஒரு மொழியின் இரு வழக்குகளா என்னும் வினாவை அவை தம் மையத்தில் வைக்கவில்லை. ஏணியின் படிகளைத் திருத்தினோம். ஏணி எந்தத் தரையில் ஊன்றியிருக்கிறது என்று பார்க்கவில்லை.

இவ்வினா கோட்பாட்டளவில் நின்றுவிடுவதன்று. இன்று குழந்தையின் எழுத்தறிவு பரவலாக அளக்கப்படுகிறது. பிரதம் நிறுவனம் 2005 முதல் வெளியிட்டு வரும் ஏசர் அறிக்கைகள் எழுத்து, சொல், பத்தி, கதை என்னும் படிகளில் குழந்தையை வாய்விட்டுப் படிக்கச் செய்து தரப்படுத்துகின்றன. தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு 2022இல் மூன்றாம் வகுப்பினரிடம் 20 மொழிகளில் நடத்திய அடிப்படைக் கற்றல் ஆய்வு, ஒரு நிமிடத்தில் சரியாகப் படிக்கப்பட்ட சொற்களை எண்ணியது. மொழிதோறும் தனி அளவுகோல் வகுத்தது அதன் சிறப்பு. ஆனால் தமிழில் ‘சரியாக’ என்பதன் பொருள் என்ன? ‘மரத்தில் குருவி இருக்கிறது’ என்னும் தொடரை ஒரு குழந்தை ‘மரத்துல குருவி இருக்கு’ என்று படித்தால், அக்குழந்தை எழுத்துகளைக் கண்டது, சொற்களை அறிந்தது, பொருளை உணர்ந்தது, உணர்ந்ததைத் தன் மொழியில் பெயர்த்தும் சொன்னது. மூன்று சொற்களில் இரண்டு பிழை என்று ஒருவர் குறித்துக்கொள்ளலாம். இன்னொரு குழந்தை ‘ம-ர-த்-தி-ல்’ என்று எழுத்தெழுத்தாக ஒலித்துப் பொருள் அறியாமலே முடித்து முழு மதிப்பெண் பெறலாம். கென்னத் குட்மன் 1960களிலேயே இவ்வகை விலகல்களைப் பிழை என்று எண்ணாமல் படிப்பவரின் உள்ளச் செயலைக் காட்டும் சான்றாகக் கொள்ள வேண்டும் என்றார். அமெரிக்கக் கறுப்பினக் குழந்தைகளின் ‘படிப்புத் தோல்வி’யை வில்லியம் லபோவ் ஆராய்ந்ததும் இவ்வழியில்தான்.

வீட்டில் கதைப்புத்தகம் படித்துக் காட்டப் பெற்ற குழந்தைக்கு எழுத்து வழக்கு பள்ளிக்கு முன்பே செவிவழி அறிமுகமாகியிருக்கும். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் குழந்தைக்கு அவ்வாய்ப்பு இல்லை. அதன் வட்டார வழக்கும் சாதி வழக்கும் எழுத்து வழக்கிலிருந்து மேலும் விலகியிருந்தால், திருத்தங்கள் அதன்மீதே மிகுதியாக விழும். அளவு கடந்து திருத்தப்படும் குழந்தை வாய் திறப்பதை நிறுத்திவிடும்; அதன்பின் அதனைச் சோதிப்பவர் குறிப்பது மௌனத்தை மட்டுமே.

பேச்சு வழக்கிலேயே பாடநூல் எழுதலாமே என்று சிலர் கேட்பர். எந்த வட்டாரப் பேச்சு என்று வேறு சிலர் மடக்குவர். தெலுங்கில் கிடுகு வேங்கட ராமமூர்த்தி தொடங்கிய இயக்கம் எழுத்து வழக்கையே பேச்சுக்கு அருகில் கொண்டு வந்தது. தமிழில் அது நிகழவில்லை. அண்மையில் நிகழும் அறிகுறியும் இல்லை. இக்கட்டுரையாளர் அதனைப் பரிந்துரைக்கவும் இல்லை. எழுத்து வழக்கு ஈழம் முதல் சிங்கப்பூர் வரை தமிழரை இணைக்கும் பொதுச் சொத்து. அதனைக் குழந்தைக்குத் தரவேண்டும் என்பதில் ஐயமில்லை. தரப்படுவது புதியது என்பதை மறைக்காமல் தரவேண்டும் என்பதே வாதம்.

மொழிபெயர்ப்பாளர்க்கும் இதில் பங்குண்டு. தொடக்க வகுப்புக் கணக்கு நூல்களின் பயிற்சிகள் பெரும்பாலும் ஆங்கில அமைப்பைத் தழுவியவை. எண்ணுப்பெயர்களையே நோக்குக. ஒன்று முதல் பத்து வரையுள்ள சொற்களில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஒன்பது என ஆறு சொற்கள் குழந்தையின் ‘ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஒம்போது’ என்பவற்றிலிருந்து வேறுபடுகின்றன. 5 என்னும் எண்ணுரு மட்டும் எவ்வழக்கையும் சாராதது. அஞ்சு என்று படித்தாலும் ஐந்து என்று படித்தாலும் அது பிழையாவதில்லை. கணக்கில் குழந்தை இடறுவது எண்ணுருவில் அன்று, அதைச் சூழ்ந்துள்ள தமிழில். ‘கொடுக்கப்பட்டுள்ள படங்களை உற்றுநோக்கி விடுபட்ட எண்ணை எழுதுக’ என்னும் தொடரில் உள்ள செயப்பாட்டு வினையும் வியங்கோள் ஈறும் குழந்தையின் இலக்கணத்தில் இல்லாதவை. வியங்கோளுக்குக் குழந்தை பொருள் கொள்வதில்லை. ‘நிரப்புக, பொருத்துக, வட்டமிடுக’ என்பவற்றைப் பூசை மந்திரம்போல் மனப்பாடம் செய்துகொள்கிறது. ‘படத்தைப் பார். எந்த எண் இல்லை? அதை எழுது’ என்று மூன்று தொடராக்கினால் அது எழுத்து வழக்காகவும் இருக்கும், குழந்தைக்கு எட்டியும் இருக்கும். ‘பார்’ என்பது பேச்சில் ‘பாரு’ ஆகும், ‘எண்’ வீட்டில் கேளாத சொல்லாகவும் இருக்கலாம். ஆனால் இவற்றில் ஒன்றுகூடக் குழந்தையின் தொடரமைப்புக்கு அயலானதன்று.