மீன்தொட்டிக்குள் மியூவோன்

உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிற ஆசிரியர்களே, வேறு எதைச் செய்யாவிட்டாலும் பரவாயில்லை, துணிக்கைகளின் தடத்தைக் கண்ணுக்குக் காட்டும் முகில் அறை ஒன்று மட்டும் செய்து பாருங்கள். நான் இப்போது காண்பவர் எல்லோரையும் மறித்து வைத்துச் சொல்வது இதைத்தான்.

தேவையான சாமான் கொஞ்சம்தான். கண்ணாடி மீன்தொட்டியின் அடியில் தடித்த துணியை ஒட்டி, அதைச் சுத்தமான ஐசோபுரோப்பைல் அற்ககோலில் ஊறவைத்து, தொட்டியைக் கறுப்புப் பூசிய உலோகத் தட்டின்மேல் கவிழ்க்க வேண்டும். தட்டுக்குக் கீழே உலர்பனி. ஜெனீவாவிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தார் இந்தச் செய்முறையைப் பாடசாலைகளுக்கென்றே எழுதி இலவசமாகத் தருகிறார்கள்.

திருகோணமலைக் கப்பல்துறையில் இருந்துகொண்டு உலர்பனிக்கு எங்கே போவது? மீனுக்குப் போடும் ஐஸ் இங்கே தாராளம். ஆனால் எங்களுக்கு வேண்டியது பூச்சியத்துக்குக் கீழே 78 பாகைக் குளிர். கடைசியில் தெரிந்தவர் ஒருவரின் வானில், கொழும்பிலிருந்து ரெஜிபோம் பெட்டியில் வந்து சேர்ந்தது. பாதி வழியிலேயே ஆவியாய்ப் போய்விட்டது, மிச்சமே போதுமாயிருந்தது. (பெட்டியை இறுக்கி ஒட்டாதீர்கள், வெறுங்கையால் தொடாதீர்கள், யன்னலைத் திறந்து வையுங்கள்.)

முதலில் வெறும் தூறல். "ஒண்டும் தெரியேல்லையே சேர்" என்று பின்வாங்கு முணுமுணுத்தது. டோர்ச்சைப் பக்கவாட்டில் சரித்துப் பிடித்தோம். சட்டென்று தட்டுக்குச் சற்று மேலே, நூல் இழுத்ததுபோல் ஒரு வெள்ளைக் கோடு. கண் இமைக்குமுன் கலைந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. வகுப்பே கத்தியது, நானும்தான்!

கோடு போட்டது மியூவோன். வானிலிருந்து வரும் அண்டக் கதிர்கள் ஏறத்தாழ 15 கிலோமீற்றர் உயரத்தில் காற்றணுக்களோடு மோதும்போது பிறக்கும் துணிக்கை அது. உள்ளங்கையை நீட்டினால் விநாடிக்கு ஒன்று என்ற அளவில் ஊடுருவிப் போகிறது. அதன் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ விநாடி. ஒளியின் வேகத்தால் பெருக்கச் சொன்னேன். 660 மீற்றர் என்று வந்தது. "அப்ப இது இஞ்ச வந்திருக்கவே ஏலாதே சேர்!" என்றாள் முன்வாங்குப் பிள்ளை. அந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பாடு படலாம். ஐன்ஸ்டைனின் சார்பியலை நான் நுழைக்க வேண்டியிருக்கவில்லை, பிள்ளைகளே கேட்டு வாங்கினார்கள். வேகமாய் ஓடும் மியூவோனின் மணிக்கூடு எங்கள் கணக்கில் மெதுவாக ஓடுகிறது. அதனால்தான் அது தரைவரை வந்து சேர்கிறது.

பிறகு தோரியம் கலந்த, சிவப்பு முனை கொண்ட தங்குதன் வெல்டிங் கம்பி ஒன்றை உள்ளே வைத்தோம். கம்பியைச் சுற்றிக் குட்டையாய், தடிப்பாய்க் கோடுகள் சீறின. அல்பாத் துணிக்கைகள்! தோரியம் எங்களுக்கு அந்நியமுமில்லை. எங்கள் மாவட்டத்துப் புல்மோட்டைக் கனிய மணலில் அது இருக்கிறது. 1904இல் இந்தத் தீவிலிருந்தே தோரியனைற்று என்ற கனிமத்தை உலகுக்குக் காட்டியவர், பின்னாளில் கலை வரலாற்றால் புகழ்பெற்ற நம் ஆனந்த குமாரசுவாமி. பரீட்சை நெருக்கத்தில் கதிர்த்தொழிற்பாட்டை ஓட்டமாக முடித்துவிடுகிற நாங்கள் இதையெல்லாம் எங்கே சொல்கிறோம்?

ருசி கண்ட பிள்ளைகள் விடுவார்களா? கணினி அறைக்கு இழுத்துப் போனார்கள். 2005 முதல் ஆண்டுதோறும் நடக்கும் சர்வதேச மாஸ்டர்கிளாஸில் பல நாட்டு மாணவர்கள் சேர்னின் உண்மையான மோதல் தரவுகளை ஆராய்கிறார்கள். அதே பயிற்சிகள் இணையத்தில் எவருக்கும் கிடைக்கின்றன. ஒவ்வொரு மோதல் படமாகப் பார்த்து, இரண்டு மியூவோன் கிளம்பியவற்றைப் பொறுக்கி, அந்தச் சோடியின் திணிவைச் சக்தி அலகில் கணக்கிட்டு வரைபில் குவிக்க வேண்டும். குவியல் 91 கிகா இலத்திரன்வோல்ற்றுக்கு அருகே மேடு கட்டியது. அது இசட் போசோன் என்ற துணிக்கை. 1983இல் சேர்னில் கண்டுபிடித்ததை எங்கள் பிள்ளைகள் பழைய கணினிகளில், மின்விசிறிக் காற்றில் இருந்து மறுபடி கண்டுபிடித்தார்கள்!

அடுத்த தவணை உலர்பனிக்கு இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். மூதூரிலிருந்து ஒரு ரீச்சர் தன் வகுப்பையும் கூட்டிவரப் போகிறாராம். மீன்தொட்டி இன்னும் பெரிதாக வேண்டும்.