வட்டமாக உட்கார்ந்தால்

எட்டாம் வகுப்பு நூலக வேளை. வரிசையாக இருந்த பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டுத் தரையில் வட்டமாக உட்கார்ந்தோம். கையில் கி.ராஜநாராயணனின் ‘கதவு’. தீர்வை பாக்கிக்காக ஓர் ஏழை வீட்டின் கதவைக் கழற்றிக்கொண்டு போகிற கதை. அந்தக் கதவுதான் அங்கிருக்கும் பிள்ளைகளுக்கு விளையாட்டு பஸ்.

“இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?” என்று கேட்டால் வட்டம் செத்துவிடும், அது பரீட்சைக் கேள்வி. “எந்த இடத்தில் நிறுத்தினாய்?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. (ஆசிரியருக்கு ரொம்பக் கஷ்டமான நேரம் அதுதான், நாக்கு துறுதுறுக்கும்.)

“கதவுல தீப்பெட்டிப் படம் ஒட்டுறாங்கல்ல சார், அங்க” என்றான் வாயே திறக்காத ஒருவன். “எங்க பீரோவுலயும் ஒட்டியிருக்கேன்.”

“கதவை எடுத்துட்டுப் போனவர் மேல தப்பில்ல, அவரு வேலை அது” என்றாள் ஒருத்தி. அவ்வளவுதான், சண்டை! ஆதாரம் தேடி எல்லோரும் பக்கத்தைப் புரட்டினார்கள். அப்படி எழும் காகிதச் சத்தம் எனக்கு நாதஸ்வரம்.

மணி அடித்தது. படம் ஒட்டியவன் மட்டும் எழவில்லை.

“சார், இவரு வேற என்ன எழுதியிருக்காரு?”