விருந்தினர் மேடையில் ஒரு விசாரணை: பிரெடரிக் டக்ளஸின் 1852ஆம் ஆண்டு உரை

முன்னுரை

கறுப்பின மக்களின் வரலாற்றைக் கொண்டாடவும் இன சமத்துவத்தை வலியுறுத்தவும் சிறப்புப் பேச்சாளர்களை அழைப்பது அமெரிக்க, பிரிட்டிஷ் கல்விக்கூடங்களில் வழக்கமாகியுள்ளது. அமெரிக்காவில் பிப்ரவரியும் பிரிட்டனில் அக்டோபரும் இதற்குரிய மாதங்களாகும். அழைக்கப்பட்டவர் எதைப் பேசலாம், அழைத்தவர் எதைக் கேட்க ஆயத்தமாக இருக்க வேண்டும் என்னும் வினாக்களோ இவ்வழக்கத்தினும் பழமையானவை. நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டர் நகரில் 1852ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் பிரெடரிக் டக்ளஸ் ஆற்றிய விடுதலை நாள் உரை அவ்வினாக்களைக் கூர்மையாக எழுப்பியது. அவ்வுரையின் அமைப்பையும் மொழியையும் இங்கு ஆராய்வோம்.

உரையின் சூழல்

டக்ளஸ் 1818இல் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவர். 1838இல் தப்பி வடக்கே சென்றவர். 1845இல் தம் வரலாற்றை நூலாக வெளியிட்டார். 1847 முதல் ரோச்செஸ்டரில் 'நார்த் ஸ்டார்' என்னும் இதழை நடத்தினார். தப்பியோடிய அடிமைகளைச் சுதந்திர மாநிலங்களும் பிடித்து ஒப்படைக்க வேண்டும் என்னும் சட்டம் 1850இல் நிறைவேறியிருந்தது. இந்நிலையில்தான் அந்நகரின் அடிமைமுறை எதிர்ப்புப் பெண்கள் சங்கம் அவரை உரையாற்ற அழைத்தது. கொரிந்தியன் மண்டபத்தில் 500க்கும் மேற்பட்டோர் கூடியிருந்தனர். அழைத்தவர்கள் பகைவர்கள் அல்லர்; அவருடைய கொள்கையை ஏற்ற நண்பர்கள். நண்பர்களின் விழா மேடையில் நின்றே அவ்விழாவின் பொருளை அவர் கேள்விக்குள்ளாக்கினார் என்பதை நாம் மனத்திற்கொள்ள வேண்டும்.

'நாம்' அன்று, 'நீங்கள்'

உரையின் உயிர்நாடி அதன் இடப்பெயர்களில் உள்ளது. டக்ளஸ் அவையோரைச் சக குடிமக்கள் என்றே விளிக்கிறார். ஆனால் நாட்டின் விடுதலையையும் முன்னோரையும் குறிக்கும்போது, அவற்றை 'உங்களுடையவை' என்றே சுட்டுகிறார். விளி அவரை அவையோடு சேர்க்கிறது, உடைமைச்சொல் பிரிக்கிறது. இம்முரண் சொல் விளையாட்டன்று. கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்களாக இயலாது என்று 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் நீதிமன்றம் மறுக்கவிருந்த உரிமையை அவ்விளி முன்னதாகவே கோரிவிட்டது.

கேட்போரை உளப்படுத்தும் 'நாம்', உளப்படுத்தாத 'நாங்கள்' என்னும் வேறுபாடு ஆங்கிலத் தன்மைப் பன்மையில் இல்லை, தமிழில் உண்டு. ஆகவே இவ்வுரையைத் தமிழில் கற்பிப்போருக்கு ஒரு வாய்ப்பும் ஓர் ஆபத்தும் உள்ளன. சொல்லோட்டம் கருதி 'உங்கள் முன்னோர்' என்பதை 'நம் முன்னோர்' என மாற்றினாலோ, 'உங்கள்' என்பதை விட்டுவிட்டாலோ உரையின் வாதமே சிதைந்துவிடும்.

புகழ்ச்சியும் இகழ்ச்சியும்

உரையின் முதற்பகுதி அமெரிக்க விடுதலையின் முன்னோரைப் போற்றுகிறது. இதனை வஞ்சப்புகழ்ச்சி எனக் கொள்ளலாமா? தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்டு ஔவையார் பாடிய புறநானூற்றின் 95ஆம் பாடல் தமிழாசிரியர்களுக்கு உடன் நினைவிற்கு வரும். அங்கே புகழ்ச்சியின் உள்ளேயே இகழ்ச்சி உறைகிறது. டக்ளஸிடம் அவ்வாறில்லை. கொடுங்கோன்மையை எதிர்த்த அம்முன்னோரின் துணிவை அவர் மெய்யாகவே மதிக்கிறார். அம்மெய்ப்புகழ்ச்சியே பின்னர் வழித்தோன்றல்களை அளக்கும் கோலாகிறது. முன்னோரின் செயலைக் கொண்டாடிக்கொண்டே அச்செயலின் கொள்கையை மறுப்பவர்களை அவர்களுடைய கொண்டாட்டமே குற்றஞ்சாட்டுகிறது.

பாடத்தொகுப்புகள் பலவற்றில் இவ்வுரையின் நடுப்பகுதிக் கண்டனம் மட்டுமே இடம்பெறுகிறது. அதனால் டக்ளஸ் சினங்கொண்ட பேச்சாளராக மட்டுமே மாணவருக்கு அறிமுகமாகிறார். சினத்திற்கு அடிப்படையான அளவுகோல் மறைந்துபோகிறது. இது சுருக்கம் அன்று; திரிபு என்றே கருதுகிறோம்.

வாதமும் நினைவும்

அடிமையும் மனிதனே என்பதை நிறுவ வாதம் தேவையில்லை என்கிறார் டக்ளஸ். எனினும், தேவையில்லை என்று கூறும் முறையிலேயே வாதத்தை முடித்துவிடுகிறார். அடிமைக்கு எழுத்தறிவித்தலைத் தென் மாநிலச் சட்டங்கள் தண்டிக்கின்றன. விலங்குகளுக்கு அத்தகைய சட்டம் எங்கும் இல்லை. ஆகவே சட்டம் இயற்றியோரே அடிமையை மனிதன் என ஒப்புக்கொண்டுவிட்டனர்.

இவ்வாதத்தை அடுத்து வரும் பால்டிமோர் நினைவு நம்மை ஆழமாகத் தொடுகிறது. நள்ளிரவில் சங்கிலியால் பிணைக்கப்பட்டோர் வீட்டு வாயிலைக் கடந்து செல்லும் காலடியோசையைக் கேட்டு விழித்த சிறுவனாக அவர் தம்மைக் காட்டுகிறார். அவையோர் செய்தியாக அறிந்திருந்த அடிமை வாணிகத்தை ஓசையாகக் கேட்கச் செய்வது இப்பகுதி. பட்டவரையே அழைத்துக் கேட்பதன் பயன் இங்குத் தெளிவாகிறது.

குறையும் உண்டு. அமெரிக்க அரசியலமைப்பு அடிமைமுறைக்கு இடமளிக்கவில்லை என்னும் பிற்பகுதி வாதம் பிறர் நூல்களைச் சுட்டி விரைந்து கடக்கிறது. தப்பியோடியோரை ஒப்படைக்கும் விதி அவ்வரசியலமைப்பிலேயே இருந்ததை எண்ணும்போது இவ்விடத்தில் விரிவான விளக்கம் வேண்டியிருந்தது. ஆயினும் நம்பிக்கையோடு உரை முடிய இப்பகுதியே வழிசெய்கிறது.

மேடையிலிருந்து வகுப்பறைக்கு

கறுப்பின வரலாற்று வாரத்தை 1926இல் தொடங்கிய வரலாற்றறிஞர் கார்ட்டர் வுட்சன், லிங்கன், டக்ளஸ் ஆகிய இருவரின் பிறந்தநாள்களும் கொண்டாடப்படும் பிப்ரவரி வாரத்தைத் தேர்ந்தார். 1976இல் அது மாதமாக விரிந்தது. வுட்சன் சொற்பொழிவோடு நிற்கவில்லை. 1916இல் ஆய்விதழையும் 1937இல் ஆசிரியர்களுக்கான இதழையும் தொடங்கினார். ஆண்டு முழுவதும் கற்பிக்கப்படுவதன் வெளிப்பாடாகவே அவ்வாரம் அமைய வேண்டும் என்பது அவர் நோக்கம்.

முடிவுரை

சிறப்புப் பேச்சாளரை அழைப்பது எளிது. நன்றியுரையும் நினைவுப்பரிசும் அளித்து அனுப்புவது அதனினும் எளிது. அழைத்தோர் தம் விழாவையே மறு ஆய்வு செய்யும்படி பேசும் உரிமையை அவருக்கு அளிப்பதுதான் அரிது. ரோச்செஸ்டர் அவை டக்ளஸின் உரையைக் கைதட்டி வரவேற்றதோடு, அதனை அச்சிடவும் முன்வந்தது. 1852இல் அந்த அவை முழுமையாகக் கேட்ட உரையை நம் மாணவரும் முழுமையாகப் பயில வழிசெய்வது ஆசிரியரின் கடமையாகும்.