ஹம் அடங்கிய ஆம்ப்ளிபையர்

வீட்டில் கட்டிய வால்வு ஆம்ப்ளிபையரின் தரத்தை, சங்கீதம் ஆரம்பமாவதற்கு முன்பே நிர்ணயித்துவிடலாம் என்பது என் திடமான அபிப்பிராயம். வால்யூமை முழுவதும் குறைத்து, வால்வுகள் சூடேறும்வரை பொறுத்திருந்து, ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டால், கட்டியவருடைய சிரத்தை அங்கே தெரிந்துவிடும். 50 சைக்கிள் மின்சாரத்தின் இரு பாதிகளையும் ஒரே திசையில் திருப்பும்போது எஞ்சுகிற அலை 100 சைக்கிளில் ‘ஹம்’ என்று முனகும். பாடகரின் சுருதியோடு எவ்வித உறவும் இல்லாத அந்த ஸ்வரம் தம்பூராவின் நாதத்தினூடே நுழைந்துவிட்டால், எத்தனை உன்னதமான கச்சேரியும் களங்கப்பட்டுப்போகும்.

1947-இல் டி. டி. என். வில்லியம்சன் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ பத்திரிகையில் வெளியிட்டு, பல தேசங்களில் அநேகர் தம் வீடுகளிலேயே கட்டி மகிழ்ந்த ஆம்ப்ளிபையரின் பவர் சப்ளையை இந்த நோக்கில் பார்ப்பது ஓர் ஆனந்தம். அதன் கண்டென்ஸர்கள் வெறும் 8 மைக்ரோபாரட். அவற்றுக்கு நடுவே 10 ஹென்றி சோக் ஒன்று. 100 சைக்கிள் அலைக்குச் சோக் 6,000 ஓமுக்கு மேல் தடையாக நிற்க, கண்டென்ஸரோ சுமார் 200 ஓமில் அதற்குத் தரைக்கு வழிவிடுவதால், அலை ஏறக்குறைய 30-இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. எதிரெதிராக வேலை செய்யும் கடைசி வால்வுகளில் மிச்ச அலை பெரும்பாலும் தானே ரத்தாகிவிடுமாகையால் அவற்றுக்கு இந்தச் சுத்தம் போதும். தம்மிடம் வந்த அசுத்தத்தையெல்லாம் பெருக்கி முன்னே தள்ளிவிடும் முதல் வால்வுகளுக்கோ இன்னொரு 30 ஹென்றி சோக். எங்கே எவ்வளவு வேண்டுமோ அங்கே அவ்வளவு என்ற இந்த விவேகம், கண்டென்ஸரை மேலும் மேலும் பெரிதாக்குகிறவர்களுக்கு வாய்ப்பதில்லை. முதல் கண்டென்ஸர் பெரிதாகப் பெரிதாக, அதை நிரப்பும் மின்னோட்டம் கூரிய துடிப்புகளாகி ரெக்டிபையர் வால்வை வதைக்கிறது.

அந்தத் துடிப்புகள் டிரான்ஸ்பார்மருக்குத் திரும்பும் பாதையில்தான் கைத்திறன் பிரகாசிக்கிறது. மைக் அல்லது பிக்கப்பின் எர்த் கம்பியும் அதே பாதையைப் பகிர்ந்துகொண்டால், எத்தனை சோக்குகளைச் சேர்த்தும் கரகரப்பு ஓயாது. முதல் கண்டென்ஸரின் எர்த்தைத் தனிக் கம்பியில் டிரான்ஸ்பார்மருக்கே கொண்டுபோய், சோக்கை டிரான்ஸ்பார்மருக்குச் செங்குத்தாகத் திருப்பி வைத்து, 6.3 வோல்ட் ஹீட்டர் கம்பிகளை நெருக்கமாக முறுக்கிச் சேஸிஸின் மூலையோரமாக இழுத்துச் சென்றிருக்கும் ஒரு வேலையைக் கவிழ்த்துப் பார்த்தால், ஒரு சிற்பத்தைப் பார்க்கும் திருப்தி எனக்கு உண்டாகிறது.

சுவிட்சை அணைத்த பின்னும் கண்டென்ஸர்களில் 450 வோல்ட் தங்கியிருக்கக்கூடும். ஆகையால் அதை வடிக்க ஒரு ரெஸிஸ்டரை நிரந்தரமாகப் பற்றவைத்து, மீட்டரில் பூஜ்யத்தைக் கண்ட பிறகே அன்பர்கள் உள்ளே கையை நீட்டவேண்டும்.